ஆள் வருகிறது, ஆர்டர் வரவில்லை: இணையதளக் கோளாறைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது

"தம்பி, தினமும் ஆள் வர்றதா கணக்கு காட்டுது. ஒருத்தரும் வாங்கலியே, ஏன்?"

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் கடைக்கு வருபவர் கருப்பட்டியை உடைத்து முகர்ந்து பார்க்கிறாரா, விலையைக் கேட்டதும் பையைச் சுருட்டுகிறாரா என்பதெல்லாம் கல்லாவில் இருந்தபடியே அவருக்குத் தெரியும். அதற்கேற்ப ஒரு வார்த்தை பேசுவார், ஒரு துண்டு உடைத்துக் கையில் கொடுப்பார். தளத்துக்கு வருபவரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. அந்த முகத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் வேலையே.

நான் பாளையங்கோட்டையில் இருந்து சிறு கடைகளின் தளங்களைக் கவனித்துக்கொள்கிறேன். அண்ணாச்சியின் கருப்பட்டித் தளம், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் ஒரு குடும்பத்தின் தளம், குற்றாலத்தில் ஒரு விடுதியின் தளம் ஆகிய மூன்றிலும் கண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தளத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

தளத்தில் இரண்டு கருவிகள் இருக்கட்டும். ஒன்று கூகுள் அனலிட்டிக்ஸ். எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தோடு போய்விட்டார்கள் என்று அது சொல்லும். இன்னொன்று மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. காசு கிடையாது. வருபவரின் விரல் எங்கே தட்டியது, எவ்வளவு தூரம் கீழே இறங்கியது என்பதை வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டும். பெட்டிகளில் தட்டச்சு செய்வதை மறைத்துத்தான் பதிவு செய்யும். அது நல்லதுதான். ஆனால் அந்த மறைப்புக்குள்ளேயே ஒரு பெரிய கோளாறு ஒளிந்திருந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிப் பதிவு செய்வதைத் தளத்தில் எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதி வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் வீட்டில் நடப்பதைச் சொல்லாமல் எட்டிப் பார்ப்பது முறையில்லை.

இந்த இரண்டையும்விட எனக்கு அதிகம் உதவியது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். கணினித் திரைகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இருவரும் 1993-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில், ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகள் கண்ணில் பட்டன. அந்தக் கணக்குப்படி 5 பேரைப் பார்த்தாலே சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். எல்லாத் தளத்துக்கும் இதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 50 பேர் கிடைத்தால்தான் ஆச்சு என்று காத்திருக்க வேண்டியதில்லை.

யாரை உட்கார வைப்பது? கடைக்காரரின் இன்ஜினியரிங் படிக்கும் மகனை வேண்டாம். அவருக்கு எல்லாமே புரிந்துவிடும். ஏற்கெனவே கடையில் வாங்குகிற, தளத்தைப் பார்த்தே இராத ஆட்களைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். அவர்கள் வீட்டுக்கே போங்கள். உங்கள் லேப்டாப்பைக் கொடுக்காமல் அவர்கள் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி விரிசல் விட்ட போன், எழுத்தைப் பெரிதாக்கி வைத்த போன், இடமே மிச்சமில்லாத போன் எல்லாம் வரும். உங்கள் தளம் நிஜத்தில் திறக்கப்படுவது அவற்றில்தான்.

வேலையைச் சொல்லும்போது பட்டனில் இருக்கும் வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. "பெயர் பதித்த பாய் என்பதைத் தட்டி ஆர்டர் செய்யுங்கள்" என்று சொன்னால் விடையையும் சேர்த்துச் சொன்ன மாதிரி. "உங்க பேத்திக்கு ஆவணியில கல்யாணம்னு வைங்க. மாப்பிள்ளை, பொண்ணு பேர் போட்டு ஒரு பாய் வேணும். இதுல வாங்கிப் பாருங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இந்த வாயை மூடுவதுதான் கஷ்டம். "ஏய்யா, இதையா அமுக்கணும்?" என்று ஆச்சி கேட்பார். கை தானாகத் திரையை நோக்கிப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். "நான் இல்லைன்னா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க. தப்பு வந்தா அது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தையும் பெருமூச்சு விடும் இடத்தையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் அரைக் கிலோ கருப்பட்டியோ வேறு ஏதோ ஒன்றோ கொடுத்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் என்பது அவர்களுக்கும் அரை மணி நேரம்தான்.

## அறிகுறி: வந்த வேகத்தில் வெளியேறுகிறார்கள்

முதலில், அவர்கள் நிஜமாகவே ஏமாந்துதான் போகிறார்களா என்று பாருங்கள். அனலிட்டிக்ஸ் ஒரு வருகையை ஈடுபாடு உள்ளது என்று எண்ணுவதற்கு மூன்றில் ஒன்று நடக்க வேண்டும்: 10 நொடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்க்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்து வைத்த செயல் ஒன்றைச் செய்ய வேண்டும். குற்றாலத்து விடுதியில் இந்த எண் மோசமாக இருந்தது. பதிவுகளை ஓட்டிப் பார்த்தால், வருகிறவர்களில் பலர் நேராகப் போன் நம்பரைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 10 நொடிக்குள் வேலை முடிந்துவிட்டது. அறை கேட்டுப் பேசிய வாடிக்கையாளரைக் கணக்கு 'ஓடிப்போனவர்' என்று எழுதியிருக்கிறது. போன் நம்பரைத் தட்டுவதையும் வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவதையும் முக்கியச் செயலாகக் குறித்து வையுங்கள். அதன்பின் மிஞ்சுவதுதான் நிஜமான பிரச்சினை.

அந்த மிச்சத்துக்கு, அவர்கள் கூகுளில் எதைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பாருங்கள். விடுதித் தளத்துக்கு வந்தவர்களில் நிறையப் பேர் தேடியது அறையை இல்லை. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதைத்தான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சாரல் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் யார் குற்றாலத்தில் அறை எடுப்பார்கள்? வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால் குடும்பத்தோடு வந்து என்ன செய்வது? நாங்களோ முகப்பில் கட்டிலையும் வரவேற்பு மேசையையும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தோம். மதுரையில் இருந்து வர நினைத்த ஒருவரைப் பார்க்கச் சொன்னபோது, அத்தனை படத்தையும் விரலால் தள்ளிக்கொண்டே போய், "தண்ணி விழுதான்னு எங்கயும் போடலியே" என்று போனை வைத்துவிட்டார்.

சரி, முகப்பின் உச்சியில் ஒரே ஒரு வரி சேர்த்தோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் தண்ணீர் எப்படி, குளிக்க அனுமதி உண்டா என்று விடுதிப் பையன் காலையில் பார்த்துவிட்டு வந்து போனிலேயே மாற்றுவான். தேதியும் நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். நான்கு நாள் பழைய செய்தி இருந்தால் ஒன்றும் இல்லாததைவிட மோசம். அதனால் ஒரு நாளைக்கு மேல் மாற்றாமல் விட்டால் அந்த வரி தானாகவே மறையும்படி வைத்திருக்கிறோம். அறைகளின் படமும் விலையும் அந்த வரிக்கு அடுத்து.

இரண்டுமே காரணம் இல்லை என்றால் வேகம். பெரிய படம் அல்லது முதன்மை வாசகம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனைப் பக்கத்தில் தளத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். சிறிய தளமாக இருந்தால் நிஜ வருகையாளர் தரவு போதவில்லை என்று வரும். அது உங்கள் குறை இல்லை, ஆய்வகச் சோதனையின் எண்ணை வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த வரையில் முக்கால்வாசிக் காரணம், போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பதுதான். அகலத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் போடுங்கள். தமிழ் எழுத்துருவை வெளியில் இருந்து இறக்கினால், அது வரும்வரை போனில் இருக்கும் எழுத்தில் வாசகம் தெரியும்படி வையுங்கள். இல்லையென்றால் சிக்னல் குறைந்த இடத்தில் வெள்ளைத் திரைதான் தெரியும்.

## அறிகுறி: ஒரே இடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்

கிளாரிட்டியில் இதைத் தனியாகவே பிரித்துக் காட்டும். தட்டியும் ஒன்றும் நடக்காதது ஒரு வகை. ஒரே இடத்தில் மளமளவென்று தட்டுவது இன்னொரு வகை.

பத்தமடைத் தளத்தில் பாயின் படத்தின் மேல்தான் அத்தனை தட்டலும் இருந்தது. அங்கே நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லை. பாய் வாங்குபவர் கடையில் என்ன செய்வார்? விரலால் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பார். கோரையை எவ்வளவு மெலிதாகக் கிழித்திருக்கிறார்கள் என்பதில்தான் சாதாரணப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் விலை வித்தியாசமே இருக்கிறது. அந்த விரல்தான் திரையில் படத்தைத் தட்டியது. தட்டினால் பெரிதாகும்படி செய்தோம். பிறகு பின்னல் தெரியும் நெருக்கமான படம் ஒன்று, பாயை மடித்துக் கையில் வைத்திருக்கும் படம் ஒன்று, ஓரத்தின் படம் ஒன்று சேர்த்தோம். "இது மெஷின் பாயா, கைப் பாயா?" என்ற கேள்வியும் அதோடு குறைந்தது.

தட்டும் இடம் படமாக இல்லாமல் விலையாக இருந்தால், அது பட்டன் போல வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். வண்ணத்தை எடுத்துவிடுங்கள். தட்டுவதற்குச் சற்று முன் பக்கம் கீழே குதித்திருந்தால், படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்காமல் விட்டிருப்பீர்கள். அதைக் குறித்தால் சரியாகிவிடும்.

## அறிகுறி: தேடுகிறார்கள், 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வருகிறது

தளத்தின் தேடல் பெட்டியில் என்னென்ன தட்டச்சு செய்தார்கள் என்று சேமித்து வையுங்கள். ஒரு மாதப் பட்டியலை அச்செடுத்துக் கடைக்காரரோடு உட்கார்ந்து படியுங்கள். இவ்வளவு உபயோகமான பட்டியல் வேறு இல்லை. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று தன் வாயால் சொன்னது அது.

கருப்பட்டித் தளத்தில் 'பனைவெல்லம்' என்று தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நமக்குக் கருப்பட்டி, வடக்கே போனால் பனைவெல்லம். அண்ணாச்சிக்கு அது உறைக்கவே இல்லை, அவர் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆங்கில எழுத்தில் தேடுபவர்கள் ஒரு டி போட்டு, இரண்டு டி போட்டு, ஒரு பி போட்டு, நடுவில் இடைவெளி விட்டு என்று நான்கைந்து விதமாக எழுதியிருந்தார்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் ஈடு என்று ஒரு பட்டியல் போட்டு, மாதம் ஒருமுறை அதில் புதியதைச் சேர்த்தால் போதும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு இருக்கின்றன. இவை அந்தப் பட்டியலால் மட்டும் தீராது.

முதலாவது சந்தி. 'கோரைப்பாய்', 'கோரைப் பாய்', 'கோரை பாய்' மூன்றும் ஒன்று என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில் சொல்லின் ஈற்றில் வரும் க், ச், த், ப் நான்கையும் ஒப்பீட்டுக்காக மட்டும் கழற்றிவிடுங்கள், அதன்பிறகு இடைவெளியை நீக்குங்கள். ஒட்டி எழுதிய 'கோரைப்பாய்' போன்றவற்றை ஈட்டுச்சொல் பட்டியலில் போட்டுவிடலாம்.

இரண்டாவது, கண்ணுக்கே தெரியாதது. 'கோ' என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ஓகாரக் குறி முழுதாக ஒன்று வரலாம். அல்லது இடப்பக்கக் கொம்பும் வலப்பக்கக் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். பொருளின் பெயரை ஒரு விதமாகச் சேமித்து, வாடிக்கையாளரின் விசைப்பலகை இன்னொரு விதமாக அனுப்பினால், கடையில் இருக்கும் கோரைப்பாய் 'இல்லை' என்று வரும். தேடும் சொல், சேமித்த சொல் இரண்டையுமே என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இது தீரும்.

மூன்றாவது, 'ஸ்ரீ'. இதற்கும் இரண்டு சேமிப்பு உண்டு. ஸ-வில் தொடங்குவது பழையது. ஶ என்ற எழுத்து 2005-இல் யூனிகோடில் சேர்ந்த பிறகு அதில் தொடங்குவது இன்னொன்று. என்எஃப்சி இதைச் சரி செய்யாது, இரண்டும் வெவ்வேறு எழுத்து என்றே விட்டுவிடும். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பார்சல் போகுமா என்று ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்த ஒருவருக்கு 'அந்த ஊர் பட்டியலில் இல்லை' என்று வந்தது. பக்கத்து ஊர்! ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ஒரு வரியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போதே 'திருவைகுண்டம்' என்று எழுதுபவர்களையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி: படிவம் வரை வந்து நின்றுவிடுகிறார்கள்

பணத்துக்கு மிக அருகில் இருக்கும் கோளாறு இது. அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முன்னால் சொல்வதாகச் சொன்னது இங்கேதான். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பது பத்தமடையில் வழக்கம். அதற்குப் படிவத்தில் இரண்டு பெட்டி வைத்தேன். பெயர் நீண்டால் பாயில் இடம் போதாது என்பதால் 12 எழுத்து என்று வரம்பு போட்டேன். ஒரு வீட்டில் ஆச்சி 'முத்துலட்சுமி' என்று அடித்தார். பெட்டியில் 'முத்துலட்சும' என்று நின்றது. திரும்பத் திரும்ப அழித்து எழுதினார். "என் கண்ணுதான் சரியில்ல போல" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார்.

அவர் கண் நன்றாகத்தான் இருந்தது. நமக்கு முத்துலட்சுமி 7 எழுத்து. தளத்தைத் திறக்கும் உலாவியோ (பிரவுசர்) மு என்பதை ம, உகரக் குறி என்று இரண்டாக எண்ணும். த் என்பதில் புள்ளியைத் தனியாக எண்ணும். அந்தக் கணக்கில் பெயர் 13 வருகிறது. 12-இல் வெட்டியதும் கடைசி இகரக் குறி விழுந்துவிட்டது. அந்த ஆர்டர் அப்படியே தறிக்குப் போயிருந்தால் பேத்தியின் கல்யாணப் பாயில் பெயர் அரைகுறையாக விழுந்திருக்கும். பதிவுக் கருவி பெட்டிக்குள் இருப்பதை மறைத்துவிடுவதால் எத்தனை வீடியோ ஓட்டியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்ததால் தெரிந்தது. தமிழ்ப் பெயர் வரும் பெட்டியில் மேக்ஸ்லெங்த் (maxlength) என்ற இந்த நீள வரம்பைப் போடாதீர்கள். எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டுமானால், தளத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கென்றே இண்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. நாங்கள் எண்ணுவதையே விட்டுவிட்டு, பெயர் பாயில் எப்படித் தெரியும் என்று கீழேயே பெரிதாகக் காட்டி, "இப்படித்தான் நெய்வோம், சரியா?" என்று கேட்கிறோம்.

அடுத்தது போன் நம்பர். போன் தானாகவே நிரப்பும்போது முன்னால் 91 சேர்த்து, நடுவில் இடைவெளி விட்டு நிரப்பும். 10 இலக்கம் மட்டும் என்று கறாராக வைத்த படிவம் சிவப்பில் திட்டும். தான் எதுவும் தட்டச்சு செய்யவே இல்லை, பிறகு என்ன பிழை என்று அவருக்கு விளங்காது. வருவதை அப்படியே வாங்கி, இடைவெளியை நீக்கிக் கடைசி 10 இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைத் தொட்டதும் எண் விசைப்பலகை வருகிறதா என்றும் பாருங்கள்.

மாவட்டப் பட்டியலில் ஒரு தவறு செய்திருந்தேன். எங்கோ எடுத்த பழைய பட்டியலை அப்படியே போட்டதில் தென்காசி இல்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டிவிட்டு வெளியேறியதைப் பதிவில் பார்த்தேன். பட்டியலையே எடுத்துவிட்டு, பின்கோடு கொடுத்தால் மாவட்டம் தானாக வரும்படி மாற்றினோம். இதில் ஒரு எச்சரிக்கை: முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தை ஊகிக்காதீர்கள். திருநெல்வேலியின் பின்கோடும் 627-இல்தான் தொடங்கும், தென்காசியின் 627811-உம் அப்படித்தான் தொடங்கும். ஆறு இலக்கத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பார்சல் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் காட்டினால் அங்கே நிற்பார்கள். பாய் சுருட்டினாலும் நீளமான சாமான், கட்டணம் கூடத்தான் செய்யும். பொருளின் விலைக்குக் கீழேயே பின்கோடு கேட்டுக் கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டும் இடம். யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பி வரும்போது, நினைவகம் (ரேம்) குறைந்த போன்களில் உலாவி பக்கத்தை மறந்திருக்கும். திரும்பியவர் காலிப் பக்கத்தைப் பார்க்கிறார். பணம் போயிற்றா, போகவில்லையா? அந்தப் பயத்தோடு இரண்டாம் முறை கட்ட மாட்டார், கட்டவும் கூடாது. செயலிக்கு அனுப்பும் முன்பே ஆர்டரை எண்ணோடு சர்வரில் பதிந்துவிடுங்கள். பணம் வந்ததைப் பணச் சேவை நேராகச் சர்வருக்குத் தெரிவிக்கும் வழியில் உறுதி செய்யுங்கள். வாடிக்கையாளரின் உலாவி திரும்பி வந்து சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் திரும்பி வரும் பக்கம் தன்னிடம் இருக்கும் எண்ணைக் கொண்டு "உங்கள் பணம் வந்துவிட்டது" அல்லது "இன்னும் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லட்டும்.

## அறிகுறி: சரியான பட்டனைப் பார்க்கிறார்கள், தட்டவில்லை

வார்த்தை தடுக்கிறது. கருப்பட்டித் தளத்தில் 'கூடையில் சேர்' என்று வைத்திருந்தோம். எழுதும்போது நல்ல தமிழாகத்தான் பட்டது. ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, "கூடையிலன்னா அதுக்குத் தனி ரூவாயா? எனக்குச் சும்மா கட்டிக் கொடுத்தா போதும்" என்றார். கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து விற்கும் ஊர்ப்பக்கத்தில் அவர் அப்படிப் புரிந்துகொண்டது மிகச் சரி. இப்போது அந்தப் பட்டனில் 'வாங்கு' என்று மட்டும் இருக்கிறது.

## அறிகுறி: தளத்தில் இருப்பதையே போனில் கேட்கிறார்கள்

கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். போனில் வரும் கேள்வியை அதே வார்த்தையில் எழுதட்டும். இரண்டு வாரம் போதும்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை முகப்பில் பெரிதாகப் போட்டோம். பெருமைப்பட வேண்டிய விஷயம், எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் திரும்பத் திரும்ப இருந்த கேள்வி வேறு: "சீனி கலந்ததா?" அதற்கடுத்து, "மழைக்குக் கசியுமா?" இந்த இரண்டுக்கும் தளத்தில் பதிலே இல்லை. எங்கே இருந்து பதநீர் வருகிறது, எப்படிக் காய்ச்சுகிறார்கள், உடைத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று படத்தோடு போட்டோம். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள் என்றும் எழுதினோம். இவற்றை 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று தனிப் பக்கத்தில் ஒதுக்காதீர்கள். நான் உட்கார்ந்து பார்த்த யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. கேள்வி எழும் இடம் விலைக்குப் பக்கம். பதிலும் அங்கேயே இருக்கட்டும்.

## அறிகுறி: மாற்றியாயிற்று, முன்னேற்றமா பின்னேற்றமா என்று தெரியவில்லை

பாய்த் தளத்தின் படிவத்தை ஒருமுறை ஆனிக் கடைசியில் மாற்றினேன். அடுத்த மாதம் ஆர்டர் சரிந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் கவலை, பழையபடியே வைத்துவிடலாமா என்றார்கள். காரணம் படிவம் இல்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? அதே ஆடியில் குற்றாலத்துத் தளத்தில் சாரல் சீசன் கூட்டம் அலைமோதியது, அங்கே நான் கை வைக்கவே இல்லை. ஆவணி பிறந்ததும் பாய் ஆர்டர் தானாக ஏறியது. அதற்கும் நான் பெயர் வாங்கிக்கொள்ள முடியாது.

அதனால் மொத்த ஆர்டரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். மாற்றிய இடத்தை மட்டும் பாருங்கள்: படிவத்தைத் திறந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? மாற்றும் முன் நூற்றுக்கு எத்தனை, இப்போது எத்தனை? கூட்டம் குறைந்த மாதத்திலும் இந்த விகிதம் ஓரளவு பேசும். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று பிரித்துச் சோதிக்கும் முறை ஆயிரக்கணக்கில் ஆள் வரும் தளங்களுக்குத்தான் பொருந்தும். நாளுக்கு 30 பேர் வரும் தளத்தில் அது தரும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே என்ன மாதம், என்ன பண்டிகை, அருவியில் தண்ணீர் இருந்ததா என்பதையும்.

மாற்றிய பிறகு மறுபடியும் ஐந்து பேர் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பார்த்தவர்களிடமே போகக் கூடாது, அவர்களுக்கு வழி பழகியிருக்கும். பெயர்ப் பெட்டியை மட்டும் நான் அதே ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 'முத்துலட்சுமி' முழுதாக விழுந்ததும், இந்த முறை கண்ணாடியைத் துடைக்காமல் அடுத்த பெட்டியில் மாப்பிள்ளை பெயரை அடிக்கத் தொடங்கினார்.